ரத்தக் காட்டேரிப் படங்களில் புதுமை எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு வருஷமாக ஓடுகிற கதை. இன்னும் புதிதாகச் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பலரும் அதைத் தேடுகிற இடம்தான் தவறு. காட்டேரிக்குப் புதுப் புது சக்திகளைக் கொடுப்பது, துப்பாக்கிச் சண்டை சேர்ப்பது, கிராஃபிக்ஸில் வௌவால் கூட்டத்தைப் பறக்கவிடுவது என்று போனால் இரண்டாவது படத்திலேயே சலித்துவிடும். என் மனதில் நிற்கிற படங்கள் வேறு வழியில் போனவை. வெயில் பட்டால் சாவு, யாராவது அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது, கண்ணாடியில் முகம் தெரியாது, ரத்தம் குடிக்காமல் உயிர் தரிக்காது என்று நமக்கெல்லாம் தெரிந்த பழைய விதிகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ஒரு குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மனிதர்கள் நடுவே அதை வைப்பார்கள். அப்படியானால் இங்கே அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கும் என்று கடைசிவரை விடாமல் கேட்பார்கள். விதியைத் தூக்கி எறிந்த படங்களைவிட, விதியை மதித்து அதன் விலையைக் கணக்குப் பார்த்த படங்கள்தான் புதிதாக இருக்கின்றன.

கீழே பல படங்களைப் பற்றிப் பேசுகிறேன். சில முக்கியமான காட்சிகளைச் சொல்லியிருக்கிறேன், முடிவுகளைக் கூடியவரை சொல்லவில்லை.

இந்த விதிகளை எல்லாம் பிராம் ஸ்டோக்கர்தானே எழுதிவைத்தார்?

எல்லாவற்றையும் அல்ல. 1897-ல் வெளிவந்த அவருடைய 'டிராகுலா' நாவலில் காட்டேரியான டிராகுலா பிரபு பகலில் லண்டன் தெருவில் நடந்து போகிறார். பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய வெளிச்சம் பட்டு காட்டேரி அழிந்துபோவது சினிமா கொண்டுவந்த விஷயம். 1922-ல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தில்தான் அது வந்தது. நாவலின் உரிமை வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு வந்தது. எப்படியோ சில பிரதிகள் தப்பித்ததால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'மரபை மீறுகிறார்கள்' என்று புதுப் படங்களைக் குறைசொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மரபின் மிகப் பிரபலமான விதியே ஒரு படக்காரர் தன் படத்துக்காகச் சேர்த்துக்கொண்டதுதான்.

ஒரே ஒரு படம் பார்க்க வேண்டும் என்றால் எது?

ஸ்வீடனிலிருந்து 2008-ல் வந்த 'லெட் தி ரைட் ஒன் இன்'. இயக்கியவர் தோமஸ் ஆல்ஃப்ரெட்சன். யோன் அய்விதே லிண்ட்க்விஸ்ட் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். ஸ்டாக்ஹோமின் புறநகரான பிளாக்கெபெர்க்கில் கதை நடக்கிறது. நாவலாசிரியர் வளர்ந்த இடமும் அதுவே. 1980-களின் தொடக்கம், அடுக்குமாடிக் குடியிருப்புகள், முழங்கால் அளவு பனி. பள்ளியில் தினமும் அடி வாங்குகிற ஆஸ்கர் என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் பக்கத்து வீட்டுக்கு எலி என்ற குழந்தை குடிவருகிறது. குளிரில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே நிற்கிறது.

இந்தப் படம் எடுத்துக்கொண்ட விதி, அழைப்பு. அழைத்தால்தான் காட்டேரி உள்ளே வரலாம் என்பது நமக்குத் தெரியும். அழைக்காமல் வந்தால் என்ன ஆகும்? அதற்கு முன் வந்த படங்களில் வாசலில் நின்றுவிடும் அல்லது திரும்பிப் போய்விடும். இங்கே ஆஸ்கர் விளையாட்டுக்கு, கொஞ்சம் வீம்போடு, 'வா' என்று சொல்ல மறுக்கிறான். எலி உள்ளே வந்துவிடுகிறது. வந்து நின்ற இடத்திலேயே உடம்பு நடுங்கி, கண்ணிலும் காதிலும் தோலிலும் ரத்தம் கசியத் தொடங்குகிறது. பையன் பதறி ஓடிக் கட்டிப்பிடித்து, 'நீ வரலாம், வரலாம்' என்கிறான்.

ஒரு பழைய விதி அந்த ஒரு நிமிஷத்தில் நட்பின் சோதனையாக மாறிவிடுகிறது. ஒருவரை நம் வாழ்க்கைக்குள் விடுவது என்றால் என்ன, விடமாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பதெல்லாம் வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எலிக்காக ரத்தம் சேகரிக்கும் நடுவயது ஆளையும் கவனியுங்கள். பனிக்காட்டில் ஒருவரைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, புனல் வைத்து, கேனில் ரத்தம் பிடிக்கிறான். ஒரு வெள்ளை நாய் வந்து எதிரில் உட்கார்ந்து பார்க்கிறது. அவனால் வேலையை முடிக்க முடிவதில்லை. கொலை எவ்வளவு சிரமமான, அசிங்கமான உடலுழைப்பு என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்டேரிப் படம் குறைவு. பூனைகள் பாய்கிற காட்சி ஒன்று மட்டும் கிராஃபிக்ஸில் சொதப்பிவிட்டது. 2010-ல் வந்த அமெரிக்க மறு ஆக்கமும் மோசமில்லை, ஆனால் முதலில் ஸ்வீடன் படத்தைப் பாருங்கள்.

வெயில் விதியை வைத்து ஏதாவது புதிதாகச் செய்திருக்கிறார்களா?

கேத்ரின் பிக்லோ 1987-ல் எடுத்த 'நியர் டார்க்' படத்தைச் சொல்லலாம். அமெரிக்க மத்திய மேற்கின் வறண்ட நெடுஞ்சாலைகளில் திருட்டு வண்டிகளில் சுற்றுகிற காட்டேரிக் குடும்பம். கோட்டை இல்லை, சவப்பெட்டி இல்லை, பிரபுப் பட்டமும் இல்லை. வண்டிக் கண்ணாடிகளை மறைத்துக்கொண்டு பகலைக் கடத்துகிற நாடோடிகள் அவர்கள். படம் முழுக்க 'வாம்பயர்' என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை.

அதில் ஒரு மோட்டல் காட்சி. பகல் நேரம், உள்ளே காட்டேரிகள், வெளியே போலீஸ். துப்பாக்கிச் சூடு நடக்கிறது. குண்டு பட்டால் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு குண்டும் மரச்சுவரில் ஓர் ஓட்டை போடுகிறது. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஈட்டி மாதிரி ஒரு வெயில் கதிர் உள்ளே வருகிறது. சாதாரண மேற்கத்திய பாணித் துப்பாக்கிச் சண்டை, பழைய வெயில் விதி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டதும் இதுவரை யாரும் பார்க்காத காட்சி பிறக்கிறது. புதுமைக்கு இலக்கணம் கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். காட்டேரித்தனத்தை ரத்தமாற்று சிகிச்சையால் குணப்படுத்திவிடுவதாகப் பின்னால் வருவது எனக்கு ஒப்பவில்லை. அவ்வளவு கறாராகப் போன படம் அங்கே சலுகை கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று, கியூபாவில் ஹுவான் பத்ரோன் 1985-ல் எடுத்த கார்ட்டூன் படம், 'வாம்பயர்ஸ் இன் ஹவானா'. வெயிலைத் தாங்க வைக்கும் ஒரு மருந்தை விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடிக்கிறார். உடனே ஐரோப்பியக் காட்டேரிகளும் சிகாகோ காட்டேரிகளும் அந்த மருந்தின் உரிமைக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கும்பல் அதை விற்றுக் காசாக்கப் பார்க்கிறது, இன்னொன்று அது வெளியே வரவே கூடாது என்று பார்க்கிறது. மருந்து யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இவ்வளவு கலகலப்பாகக் கேட்ட படம் வேறு எனக்குத் தெரியாது.

தினமும் ஒரு கொலை செய்தால் ஊரே காலியாகிவிடுமே? இந்த லாஜிக்கை யாராவது யோசித்தார்களா?

இது நல்ல கேள்வி. நல்ல படங்கள் பலவும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

தென் கொரியாவின் பார்க் சான்-வூக் 2009-ல் 'தர்ஸ்ட்' எடுத்தார். கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு பெற்ற படம். கொடிய வைரஸ் ஒன்றுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தன் உடம்பைக் கொடுக்கிறார். சாங் காங்-ஹோ நடித்திருக்கிறார். செத்துப்போகும் நேரத்தில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் பிழைக்கிறார், காட்டேரியாகவும் ஆகிவிடுகிறார். ரத்தம் குடிக்காவிட்டால் நோயின் கொப்புளங்கள் திரும்ப வந்துவிடும். கொல்வதோ பாவம். என்ன செய்வார்? ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் ஒரு நோயாளியின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறார். அந்த நோயாளி நல்லவர், பசித்தவருக்குக் கொடுக்கிற குணம் உள்ளவர், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிறார். நம் மனசாட்சி எப்படிப் பேரம் பேசும் என்பதை அப்படியே பிடித்துவைத்த இடம் அது. அப்புறம் நண்பனின் மனைவி மீது ஆசை வருகிறது, கதை எமில் ஸோலாவின் 'தெரேஸ் ராக்கான்' நாவலின் பாதையில் இறங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு நாவலையும் காட்டேரியையும் கொரியத் துணிக்கடை வீட்டையும் ஒன்றாகக் கோக்க முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்! நீளம் கொஞ்சம் அதிகம்தான், பொறுமையாகப் பாருங்கள்.

ஜிம் ஜார்முஷின் 'ஒன்லி லவ்வர்ஸ் லெஃப்ட் அலைவ்' (2013) இதே கேள்விக்கு வேறு பதில் தருகிறது. டெட்ராய்ட்டில் இருக்கும் காட்டேரி, டாக்டர் வேஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் லஞ்சம் கொடுத்து சுத்தமான ரத்தம் வாங்கிவருகிறான். மனிதர்களின் ரத்தம் அவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது, நேரடியாகக் குடித்தால் காட்டேரிக்கே ஆபத்து. கார் தொழில் சரிந்து வீடுகள் காலியாகக் கிடந்த டெட்ராய்ட் நகரத்தில் இரவில் கார் ஓட்டிப் போகிறார்கள். கார் நிறுத்துமிடமாக மாறிப்போன மிச்சிகன் தியேட்டரைக் காட்டுகிறார்கள். மேலே அலங்காரக் கூரை அப்படியே இருக்க, கீழே வரிசையாகக் கார் நிற்கும் உண்மையான இடம் அது. நூற்றாண்டுகள் வாழ்கிறவர்களுக்கு நகரங்களின் சாவைப் பார்ப்பதுதான் வாழ்க்கை என்பது அங்கே உறைக்கிறது.

மூன்றாவதாக, கியர்மோ டெல் டோரோவின் முதல் முழுநீளப் படமான 'க்ரோனோஸ்'. மெக்சிகோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் தாத்தா ஒருவர், வண்டு வடிவத்தில் தங்கத்தால் செய்த ஒரு யந்திரத்தைக் கண்டெடுக்கிறார். அதற்குள் உயிருள்ள ஒரு பூச்சி. அது கொட்டினால் இளமை வருகிறது, பின்னாலேயே தாகமும் வருகிறது. புத்தாண்டு விருந்தில் யாருக்கோ மூக்கில் ரத்தம் வடிந்து கழிப்பறைத் தரையில் சொட்டியிருக்கிறது. கோட்டு சூட்டு போட்ட அந்த மரியாதையான பெரியவர் குனிந்து, படுத்து, தரையை நக்குகிறார். கூடவே அதிகம் பேசாத பேத்தி ஒருத்தி. தாத்தாவுக்கு வெயில் ஆகாது என்று தெரிந்ததும் தன் பொம்மைப் பெட்டியைக் காலிசெய்து அவருக்குப் படுக்கையாகக் கொடுக்கிறாள். சவப்பெட்டி என்ற தேய்ந்த பொருள் பொம்மைப் பெட்டியாக மாறும்போது பயம் போய்ப் பாசம் வந்துவிடுகிறது.

பல்லும் மந்திரமும் இல்லாமல் காட்டேரிப் படம் சாத்தியமா?

ஜார்ஜ் ரொமேரோ செய்து காட்டியிருக்கிறார். படத்தின் பெயர் 'மார்ட்டின்', 1970-களின் பிற்பகுதியில் வந்தது. பென்சில்வேனியாவில் பிராடாக் என்ற இரும்பாலை ஊர், ஆலைகள் நலிந்து தேய்ந்துகொண்டிருந்த காலம். மார்ட்டின் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞன் தன்னைக் காட்டேரி என்று நம்புகிறான். கூரிய பல் இல்லை, அதனால் மயக்க ஊசியும் சவர பிளேடும் வைத்திருக்கிறான். அவனுக்கு அடைக்கலம் கொடுத்த வயதான உறவினர் வீட்டில் பூண்டுமாலை தொங்கவிடுகிறார், சிலுவை வைக்கிறார். மார்ட்டின் பூண்டைக் கடித்துத் தின்று, சிலுவையைக் கன்னத்தில் வைத்துக் காட்டி, மந்திரம் என்று ஒன்றும் இல்லை என்கிறான்.

அவன் உண்மையிலேயே காட்டேரியா, குடும்பமே சேர்ந்து காட்டேரி என்று சொல்லி வளர்த்த மனநோயாளியா? படம் முடிவு சொல்வதில்லை. ஒருவனைச் சிறுவயதிலிருந்து 'சாபம் பிடித்தவன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் என்ன ஆவான் என்பதைப் பற்றிய படமாக நான் இதைப் பார்க்கிறேன். தொடக்கத்தில் வரும் ரயில் காட்சி மிகக் கொடூரமானது, அதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

சிலுவைக்கு அஞ்சாத காட்டேரிகள் உண்டா? கிறிஸ்தவம் பெரும்பான்மையாக இல்லாத நாடுகளில் என்ன செய்தார்கள்?

லாகூரில் 1967-ல் எடுத்த 'ஜிந்தா லாஷ்' டிராகுலா கதைதான். ஆனால் காட்டேரி ஒரு பேராசிரியர். சாகாவரம் தரும் மருந்தைக் கண்டுபிடித்துத் தானே குடித்துப் பார்த்து இப்படி ஆகிவிடுகிறார். சிலுவை, புனித நீர் எதற்கும் வேலையில்லை. பாட்டும் நடனமும் உண்டு.

ஹாங்காங் கதையே தனி. 1985-ல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' படத்தில் காட்டேரி, சீனாவின் பழைய சிங் வம்ச அதிகாரியின் உடையில் விறைத்து நிற்கும் பிணம். கையை நீட்டியபடி குதித்துக் குதித்து வரும். மூச்சுக் காற்றை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும் என்பதால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை நெற்றியில் ஒட்டினால் நின்றுவிடும். கடிபட்டவர் உடம்பிலிருந்து விஷத்தை எடுக்க ஒட்டும் அரிசி வேண்டும். கடைக்காரர் அதில் சாதா அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறார், மருத்துவம் பலிக்காமல் போகிறது! அரிசியில் கலப்படம் என்பதைத் திகிலாக மாற்ற அரிசி தின்னும் ஊரால்தான் முடியும். தாவோயிசப் பூசாரியாக வரும் லாம் சிங்-யிங் அதற்குப் பிறகு அந்த வேஷத்துக்கென்றே அறியப்பட்டார்.

தென்கிழக்கு ஆசியாவில் பிரசவத்தில் இறந்த பெண் பொன்தியானாக் என்ற ரத்தம் குடிக்கும் பேயாக ஆகிறாள் என்று நம்பிக்கை. பிடரியில் ஆணி அடித்தால் அடங்குவாள். சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957-ல் 'பொன்தியானாக்' என்ற மலாய்ப் படத்தை எடுத்தது, நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ். தமிழில் 'ரம்பையின் காதல்' (1939) எடுத்த அதே ராவ். அந்த முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை என்பது பெரிய இழப்பு. அடுத்த ஆண்டே வந்த 'சும்பா பொன்தியானாக்' கிடைக்கிறது.

'எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்' ஈரானியப் படமா?

பாரசீக மொழிப் படம், ஆனால் எடுத்த இடம் கலிஃபோர்னியாவின் டாஃப்ட் என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். இயக்குநர் அனா லிலி அமிர்பூர், 2014. 'கெட்ட ஊர்' என்று பெயர் வைத்த ஒரு கற்பனை நகரம், கருப்பு வெள்ளையில்.

உடம்பு முழுக்க மூடும் சாதர் அங்கி அணிந்த ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். தெருவில் போகும் ஆண்கள் அவளை இரையாக நினைக்கிறார்கள். இரவில் தனியே போகும் பெண் என்றாலே நம் மனதில் எழும் பயத்தை எடுத்து, அதன் திசையைத் திருப்பிவிடுகிறார் இயக்குநர். ஒரு சிறுவனை வழிமறித்து, 'நீ நல்ல பையனா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவன் விட்டுவிட்டு ஓடிய ஸ்கேட்போர்டில் ஏறி, சாதர் இறக்கை மாதிரி விரிய, காலித் தெருவில் வழுக்கிக்கொண்டு போகிறாள். டிராகுலாவின் மேலங்கி அவள் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அப்போதுதான் புரியும். கதை மெல்லியது, அதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

'சின்னர்ஸ்' அவ்வளவு பேசப்பட்டதே, உண்மையிலேயே புதிதா?

ஆமாம். ஆனால் அதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

1972-ல் 'பிளாக்குலா' வந்தது. பெயரைக் கேட்டு மலிவான படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவி கேட்டு மமுவால்டே என்ற ஆப்பிரிக்க இளவரசர் டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறார். டிராகுலா அவரை அவமானப்படுத்தி, கடித்து, தன் பெயரையே சூட்டிப் பெட்டியில் அடைக்கிறான். சொந்தப் பெயரை இழந்தவனின் கதையாக அது ஆனதற்கு நடிகர் வில்லியம் மார்ஷல் முக்கியக் காரணம். அடுத்த வருஷம் பில் கன் 'கான்ஜா அண்ட் ஹெஸ்' எடுத்தார். தயாரிப்பாளர்கள் இன்னொரு 'பிளாக்குலா' எதிர்பார்த்தார்கள். அவர் கொடுத்ததோ போதைப் பழக்கம், வசதி வந்த கறுப்பின மனிதனின் குற்ற உணர்ச்சி, தேவாலயம் இவற்றைப் பற்றிய கனவு போன்ற படம். கான் விழாவில் திரையிட்ட அந்தப் படத்தை அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கி வேறு பெயரில் ஓட்டினார்கள். முழு வடிவம் மீண்டும் பரவலாகக் கிடைக்கப் பல வருஷம் ஆனது.

2025-ல் ரையன் கூக்லர் 'சின்னர்ஸ்' கதையை 1932-ன் மிசிசிப்பியில், கிளார்க்ஸ்டேல் பகுதியில் வைத்தார். இரட்டைச் சகோதரர்கள், இருவராகவும் மைக்கேல் பி. ஜோர்டான். பழைய மர ஆலையை வாங்கிக் கறுப்பின மக்களுக்காக ஓர் இசைக்கூடம் திறக்கிறார்கள். ஒரே ஓர் இரவு. வாசலில் வெள்ளைக்காரக் காட்டேரி வந்து நின்று, பாடிக் காட்டி, உள்ளே விடச் சொல்கிறான்.

மறுபடியும் அழைப்பு விதிதான். ஆனால் இடம் மாறியதும் அர்த்தம் எவ்வளவு மாறிவிட்டது! கறுப்பின மக்கள் எந்த வாசலில் நுழையலாம், எங்கே உட்காரலாம் என்பதையெல்லாம் சட்டம் போட்டுத் தடுத்த காலம் அது. அவர்களுக்கென்று ஒரு கதவு, யாரை விடுவது என்று அவர்களே தீர்மானிக்கும் கதவு, வாழ்க்கையில் முதல்முறையாக அன்று இரவுதான் கிடைத்திருக்கிறது. வந்து நிற்பவன் கேட்பது ரத்தத்தை மட்டுமா? அந்தக் கூடத்தில் பாடும் பையனின் இசையையும், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையையும் கேட்கிறான். அவன் கடித்தவர்களின் நினைவும் திறமையும் அவனுக்கு வந்துவிடும். இனவெறி இல்லாத, எல்லாரும் ஒன்றான குடும்பம் என்று ஆசை காட்டுகிறான். அவன் ஐரிஷ்காரன், அவனுடைய நிலத்தையும் வழிபாட்டையும் ஒருகாலத்தில் வேறு யாரோ பறித்திருக்கிறார்கள். அதனால் அவன் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதுதான் அவனை ஆபத்தானவனாக ஆக்குகிறது.

படத்தின் நடுவில், அந்தப் பையன் பாடப் பாட, முன்னோர்களின் தாளக்காரர்களும் இன்னும் பிறக்காத தலைமுறையின் எலெக்ட்ரிக் கிதார்காரனும் டிஜேயும் ஒரே கூடத்தில் வந்து ஆடுகிறார்கள். கூட்டத்தில் இருக்கும் சீனக் கடைக்காரத் தம்பதியின் முன்னோர்களும் வருகிறார்கள். தியேட்டரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சண்டை தொடங்கிய பிறகு படம் கொஞ்சம் வழக்கமான பாதைக்கு வந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசியல்வாதியைக் காட்டேரியாகக் காட்டுவது சுலபமான கேலிதானே?

சுலபம்தான், அதனால்தான் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. சிலியின் பாப்லோ லரைன் 2023-ல் எடுத்த 'எல் காண்டே' அதில் பாதி தப்பித்தது. சர்வாதிகாரி பினோசெட் சாகவில்லை, 250 வயதுக் காட்டேரியாகப் பாழடைந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார் என்பது கதை. இராணுவ மேலங்கியோடு சாண்டியாகோ நகரத்தின் மேல் பறந்துபோய் மனித இதயங்களைக் கொண்டுவந்து மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறார். 1973 ராணுவக் கவிழ்ப்பு நடந்து ஐம்பதாவது வருஷம் வந்த படம். உண்மையான பினோசெட் எந்தத் தண்டனையும் பெறாமலே 2006-ல் இறந்தார். தண்டிக்கப்படாத குற்றவாளி ஒரு நாட்டின் நினைவில் செத்தும் சாகாமல் கிடக்கிறான் என்ற எண்ணம் பலமானது. எட்வர்ட் லாக்மனின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவு அபாரம். ஆனால் பிள்ளைகளின் சொத்துத் தகராறிலேயே நேரம் போய்விடுகிறது, கொல்லப்பட்டவர்கள் திரையில் இல்லை. அது எனக்கு வலித்தது.

சிரிக்க ஒன்று?

நியூசிலாந்தின் 'வாட் வி டூ இன் தி ஷேடோஸ்' (2014). வெலிங்டனில் ஒரே வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் காட்டேரிகள், பாத்திரம் கழுவுவது யார் முறை என்று சண்டை போடுகிறார்கள். கண்ணாடியில் முகம் தெரியாததால் ஒருவரை ஒருவர் படம் வரைந்து காட்டி அலங்காரம் செய்துகொள்கிறார்கள். கிளப் வாசலில் நின்று, 'உள்ளே வாங்க என்று சொல்லுங்களேன்' என்று காவலாளியைக் கெஞ்சுகிறார்கள். விதி மாறவே இல்லை, ஸ்வீடன் படத்தில் எலி என்ற குழந்தையைக் கொல்லப் பார்த்த அதே விதி.

மலையாளத்தின் 'லோகா'வை இந்த வரிசையில் சேர்க்கலாமா? தமிழில் இப்படி ஒன்று வர வழி இருக்கிறதா?

சேர்க்கலாம். டொமினிக் அருண் இயக்கி 2025-ல் வந்த அந்தப் படம், கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவருகிறது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்திருக்கிறார். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியார் அடக்கிவைத்த யட்சி என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டவளை, ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்பவளாக மாற்றியது நல்ல திருப்பம். சூப்பர்ஹீரோ படத்துக்கான அடுக்குகள் அதிகமாகிவிட்டதால் அந்தப் பெண்ணின் தனிமைக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

நீலி நமக்கும் சொந்தக்காரிதான். பழையனூர் நீலி கதையை நினைத்துப் பாருங்கள். தன்னைக் கொன்ற வணிகனை மறுபிறவியில் துரத்தி வருகிறாள். அவனிடம் காப்பாக ஒரு கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் போய், இவன் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறான் என்று அழுகிறாள். அவள் சொல்லி அந்தக் கத்தியை வாங்கிவைக்கிறவர்கள் ஊர்ப் பெரியவர்களேதான். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுத்து அவனை அவளோடு ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். காலையில் பிணம்தான் கிடக்கிறது. கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

ஸ்வீடன் படமும் மிசிசிப்பி படமும் ஒரு வீட்டு வாசலில் வைத்துப் பார்த்த அழைப்பு விதி இங்கே ஓர் ஊரின் பஞ்சாயத்தில் நடக்கிறது. பேயை உள்ளே விட்டது தனி மனிதன் அல்ல, நியாயம் பேசுகிற சபை. ஒரு பெண்ணின் அழுகையை நம்பியது தவறா, முதல் பிறவியில் அவள் கொலைக்கு நியாயம் கிடைக்காதது தவறா என்று இரண்டு பக்கமும் இழுக்கிற கதை. இதைப் பழையனூர் இருக்கும் திருவாலங்காட்டுப் பக்கத்திலேயே வைத்து, நாயகன், ஹீரோயிசம் எதையும் சேர்க்காமல், அந்த ஒரே இரவை யாராவது இரண்டு மணி நேரப் படமாக எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வரிசையில் நிற்பேன்.

திரைக்கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

ஊரில் தொடங்குங்கள், காட்டேரி அப்புறம் வரட்டும். அந்த ஊரில் இரவு யார் கையில் இருக்கிறது, யார் வெளியே போகலாம், யார் போகக் கூடாது? ரத்தம் எங்கே கிடைக்கும்: ரத்த வங்கியிலா, கறிக்கடையிலா, பிரசவ வார்டிலா? எந்த வாசலில் யாரை நிறுத்துகிறார்கள்? இதற்கெல்லாம் உண்மையான பதில் கிடைத்த பிறகு ஒரு விதியை, ஒன்றே ஒன்றை, தேர்ந்தெடுங்கள். மற்ற விதிகளை விளக்கிக்கொண்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள், பார்க்கிறவர்களுக்கு அவை தெரியும். அப்புறம், உங்கள் காட்டேரி முதல்முறை பசிக்கும்போது என்ன செய்கிறது என்ற காட்சியை முதலில் எழுதுங்கள். 'க்ரோனோஸ்' தாத்தாவின் கழிப்பறைத் தரை அளவுக்கு அது உங்களைச் சங்கடப்படுத்தவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க எது சரிப்படும்?

'மிஸ்டர் வாம்பயர்' பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு பார்க்கலாம், அவர்கள் வீடெல்லாம் குதித்துத் திரிவார்கள். மேலே சொன்ன மற்ற படங்களில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. 'லெட் தி ரைட் ஒன் இன்' படத்தில் குழந்தைகள் நடித்திருப்பதைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். ஹவானா கார்ட்டூனும் சிறுவர்களுக்காக எடுத்தது அல்ல.